பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்

புது அடுக்குமாடிக் குடியிருப்பின் பூங்கா எப்படி இருக்கும் என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தான் ஆல்வின். புல்தரை, நீரூற்று, பலூனோடு ஓடும் குழந்தைகள். ஒப்புதல் தரவேண்டிய மேலாளர் தேன்மொழிக்கு எல்லாமே பிடித்திருந்தது, நீரூற்றை ஒட்டிய பெஞ்சைத் தவிர. அதில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முகம் தெரியாமல் கூன் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“இது யாரு, வேலைக்காரம்மா மாதிரி? வீடு வாங்க வர்றவங்க முகம் சுளிக்க மாட்டாங்களா? எடுத்துடுங்க.”

ஆல்வின் தலை நிமிரவில்லை. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைத் தேடினார்கள். அப்புறம்தான் அந்தப் பெண்ணின் மடியிலிருந்த பையைத் தேன்மொழி கவனித்தாள். பச்சைப் பை, அறுந்த வாரில் பூப்போட்ட கைக்குட்டையால் ஒரு முடிச்சு. போன வாரம் சைட்டைச் சுற்றிப் பார்த்தபோது, வெயில் தாளாமல் தேன்மொழிதான் ஒரு கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். யார் படமெடுத்தார்களோ, அந்த வெயிலிலிருந்து தூக்கி ஆல்வின் அவளை நீரூற்றுப் பக்கம் உட்கார வைத்திருக்கிறான்.

இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் அழித்துவிட்டான். பெண் போய்விட்டாள். அவளுடைய நிழல் மட்டும் புல்மேல் கூன் போட்டபடி கிடந்தது.

“நிழல் தனியா இருக்கு மேடம்,” என்றான் ஆல்வின், மிகவும் மரியாதையாக. “அதையும் எடுத்துடவா?”

தேன்மொழி தன் மடியிலிருந்த பச்சைப் பையை மெல்ல மேசைக்கடியில் தள்ளினாள்.