ஆளைக் கண்டால் உள்ளே ஓடும் நாய்

சத்தியமூர்த்தி காரை நிறுத்திவிட்டு வாசல் கேட்டைத் தள்ளினான். முகப்பில் படுத்திருந்த நாய் எழுந்து அவனை ஒரு பார்வை பார்த்தது. குரைக்கவில்லை. திரும்பி வீட்டுக்குள் ஒரே ஓட்டம்.

காவலுக்கென்று வாங்கிய நாயின் லட்சணம் இது.

கோட்டையூரில் அந்தப் பெரிய வீட்டில் அவனுடைய ஆத்தா மெய்யம்மை மட்டும்தான் இருக்கிறாள். பக்கத்துத் தெருவில் பூட்டிக் கிடந்த வீட்டில் தேக்குக் கதவை நிலையோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, மெட்ராஸில் அவனுக்குத் தூக்கம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடு என்றால் ஆத்தா கேட்பதில்லை. உடம்புக்கு ஏதாவது ஒன்று என்று தெரிந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டி வைத்துவிட்டு, நாய்க்கு ஏற்பாடு செய்தான்.

காரைக்குடி ஞானபூரணி டீச்சர் பள்ளிக்கூட நேரம் போக வீட்டில் நாய் வளர்த்து, பழக்கிக் கொடுப்பவர். அவரிடம் போனில் அல்சேஷன் என்று தெளிவாகச் சொல்லியிருந்தான். டீச்சர் வீட்டுக்கே வந்து ஆத்தாளிடம் விட்டுப்போயிருப்பதோ சொக்கி என்ற இந்த லாப்ரடார்.

மறுநாள் காலையில் பால்காரர் வந்தார். சொக்கி உள்ளே ஓடியது. தபால்காரர் மணியடித்தார். உள்ளே ஓடியது. வழி கேட்க வந்த ஆளுக்கும் அதே மரியாதைதான். ஒவ்வொரு தடவையும் ஆத்தாதான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வந்த ஆளைப் பார்த்தாள். நாய்க்கு வீட்டுக்காரி காவல் இருக்கிறாள் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதைக் கொடுத்துவிட்டு வேறு நாய் கொண்டுவருகிறேன் என்று சங்கிலியை எடுத்தபோது ஆத்தாளின் முகம் செத்துவிட்டது.

"இது இருக்கட்டும்ப்பா. பழகிருச்சு."

ஏன் என்று கேட்டாலும் மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னாள். அவன் சொக்கியைக் காரில் ஏற்றிவிட்டான்.

டீச்சர் வீட்டில் நாய் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதையெல்லாம் அவன் பார்க்கவில்லை.

"என்ன டீச்சர், அல்சேஷன் கேட்டா விலைபோகாத நாயத் தள்ளிவிட்டிருக்கீக? ஆளைக் கண்டா உள்ள ஓடுது."

டீச்சர் பொறுமையாகத்தான் பேசினார். அல்சேஷன் குரைத்தே ஆளை நிறுத்திவிடும், குடோனுக்கும் தோப்புக்கும் அதுதான் சரி. ராஜபாளையம் ஒரே எஜமானிடம்தான் ஒட்டும், வேற்றாளை அண்ட விடாது. லாப்ரடாருக்கு அந்த ரோஷமெல்லாம் கிடையாது, ஆனால் மனுஷரோடு மனுஷராக இருந்து பழக்கினதைத் தவறாமல் செய்யும் என்று விளக்கினார்.

"ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொரு ஜாதி நாய் தம்பி. மெய்யம்மை ஆச்சிக்கு இதுதான் தோது."

"எப்புடித் தோது? சொல்லுங்க."

டீச்சர் ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டார்.

"சொல்ல முடியலைல்ல? பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறவுக பண்ற வேலையா இது? தனியா இருக்கிற பொம்பளைய ஏமாத்திட்டீகளே."

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து சொக்கியை வாங்கிக் கட்டிவிட்டு, ஓர் அல்சேஷனைப் பிடித்துவந்து சங்கிலியை அவன் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது வழியெல்லாம் அல்சேஷன் பின்சீட்டிலிருந்து குரைத்துக்கொண்டே வந்தது. அவனுக்குப் பரம திருப்தி.

வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மணியடித்தான். கதவைத் தட்டினான். பிறகு இடித்தான். எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது, இந்தக் கதவு திறக்கவில்லை. பதறிப்போய் நாயை இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிப் பின்வாசலுக்கு ஓடினான்.

பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஆத்தா அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போன உயிர் வந்தது அவனுக்கு.

புது இடத்தைக் கண்ட அல்சேஷன், ஓடு பெயர்ந்து விழுகிற மாதிரி குரைத்தது.

ஆத்தா திரும்பவில்லை.

"ஆத்தா."

இன்னும் கிட்டப் போய்க் கூப்பிட்டான். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

சத்தியமூர்த்தி அப்படியே நின்றுவிட்டான். ஆளைக் கண்டதும் சொக்கி உள்ளே ஓடியது பயந்து அல்ல, ஆத்தாளைக் கூட்டிவரத்தான். மணியடித்தாலும் ஓடியிருக்கிறது, போன் அடித்தாலும் ஓடியிருக்கும். வாராவாரம் போன் பண்ணுகிறான். எடுத்ததும் ஆத்தா தன்பாட்டுக்குப் பேசிவிட்டு வைத்துவிடுவாள். எங்க ஆத்தா என்னைப் பேசவே விடாது என்று பெண்டாட்டியிடம் சிரித்திருக்கிறான். பெற்ற தாய்க்குக் காது போனது அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் இந்த வீட்டைப் பூட்டிவிடுவான் என்று அவள் பயந்து மறைத்திருக்கிறாள்.

டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வாயை அங்கேயே அடைத்திருக்கலாம். ஆச்சியின் ரகசியத்துக்காக ஏமாற்றுக்காரி என்ற பெயரை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றார். அந்த முகத்தில் இனி எப்படி விழிப்பது? வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

குனிந்து ஆத்தாளின் தோளைத் தொட்டான். திடுக்கிட்டுத் திரும்பியவள், அவனையும் அல்சேஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவன் வந்தது காதில் விழுந்தவள்போல முகத்தைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

அவன் அவளுக்கு எதிரே போய் உட்கார்ந்தான். வாயசைவு தெரியும்படி மெதுவாகச் சொன்னான்.

"இது ரொம்பக் குரைக்குது ஆத்தா. சொக்கியவே கூட்டிட்டு வந்துர்றேன்."

ஆத்தாளுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"ஆமாப்பா, அதையே கூட்டிட்டு வந்துரு. இது போடுற சத்தம் காதைப் பொளக்குது" என்றாள்.