மார்கழிக்குள் ஒரு வேலி

"பழம் அங்கால பக்கமும் காய்க்குமோ?"

"செடிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெரியுமோ, யோசெப்பின்?" என்றார் அவள் கணவர் றெக்ஸ். "மறைப்புத்தானே வேணும் எண்டு சொன்னனீ. சீடர் மரத்தை வை. மொன்றியல் முழுக்க அதுதான் நிக்குது."

அவள் கேட்கவில்லை. பழம் தருகிற சஸ்கட்டூன் செடிதான் வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றாள். இடுப்பளவுச் செடி போதும், மூன்று வருடத்தில் ஆளை மறைத்துவிடும் என்றார் செடிக் கடைக்காரர். அவளோ இருப்பதிலேயே உயரமான பன்னிரண்டைக் காட்டி, மார்கழிக்கு முதல் மறைக்க வேண்டும் என்றாள்.

எல்லைக்கு அப்பால் புஷ்பராணியின் வீடு. முன்பு மொன்றியலின் லாசால் பகுதிக்கு வந்த புதிதில் இரண்டு முற்றமும் ஒன்றாகத்தான் கிடந்தன. கறிச்சட்டி அங்கும் இங்கும் போய்வரும். இரண்டு வீட்டுப் பையன்களும் ஒன்றாகப் போன கார் நெடுஞ்சாலைத் தூணில் மோதிய நாளிலிருந்து யோசெப்பினால் புஷ்பராணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு குசினி யன்னல்களும் நேருக்கு நேர். அந்த முகம் தெரிந்துவிடும் என்று, இரண்டு வருடமாகக் கோப்பைகளைக் குளியலறைத் தொட்டியில் கழுவினாள்.

மகன் டனிஸ்ரனின் அறைக் கதவு சாத்தியே கிடந்தது. அவள் இரண்டு பேருக்கு மட்டும் சமைத்தாள். பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லிவிட்டுப் போனார். என்ன செபம் என்று அவளுக்கு நினைவில்லை. கோவிலில் கண்ட சனங்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் பனியைப் பற்றிக் கதைத்தார்கள்.

வைகாசியில் நட்டார்கள். றெக்ஸ் குழி வெட்டிக்கொண்டிருக்க, புஷ்பராணி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, யோசெப்பின் அவளுடைய குசினி யன்னலடியில் போய் நின்றாள். அங்கிருந்து தங்கள் வீடு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்தாள். பிறகு வந்து செடிகளை இன்னும் நெருக்கி வைக்கச் சொன்னாள்.

ஆவணியில் இலை அடர்ந்தது. அவள் குசினிக்குத் திரும்பி வந்து கோப்பை கழுவினாள். மனதுக்குள் ஒன்றும் அசையவில்லை. தண்ணீர் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

ஐப்பசியில் இலைகள் சிவந்தன. ஒரு கிழமைக் காற்றில் அத்தனையும் கொட்டிப்போயின. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர் மரங்கள் மொட்டையாவதைப் பார்த்தவள்தான். ஆனாலும் வேலி என்று நினைத்தபோதெல்லாம் அது அவள் மனதில் பச்சையாகவே நின்றிருந்தது. மற்ற வீடுகளின் சீடர் மரங்கள் தெரு நீளத்துக்கு இலையோடு நின்றன.

சருகு கூட்ட வந்தவள் நிமிர்ந்தபோது, கறுத்த குச்சிகளுக்கு அப்பால் புஷ்பராணி நின்றாள். யோசெப்பின் மறுபடி குனிந்து சருகைக் கூட்டினாள். புஷ்பராணி குச்சிகளை விலக்கிக்கொண்டு கிட்ட வந்தாள்.

"அக்கா, என்ர நிதுசன் கடைசியா என்ன கதைச்சவன் எண்டு உங்கட பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். மார்கழியில ஜெயிலால வந்த உடன, ஒருக்கா என்னட்ட அனுப்பிவிடுங்கோ."