டபராவின் மேல் இரண்டு தட்டு

டபராவில் இரண்டு முறை தட்டிவிட்டு, பிள்ளை பதிலுக்குத் தட்டும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். அதற்குக்கூட இந்த வீட்டில் ஒருவருக்கும் மனம் இருந்ததில்லையே என்று நினைத்தாள் வசுமதி. கொலுவுக்கு வந்த குழந்தைகள் எல்லோரும் பாடி முடித்திருந்தார்கள். அடுத்து அவள் பிள்ளை கௌசிக்தான் என்று நாத்தனார் அறிவித்துவிட்டாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இசைப் பயிற்சி தரும் டீச்சர், வீட்டிலுள்ளவர்களும் கூட வந்து உட்கார வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னபோது, "டபரா தட்டறதுக்கு நான் லீவு போடணுமா?" என்று சிரித்தவன் அவள் கணவன் ரகுராம். நேற்று அவள் டபராவில் தட்ட, பிள்ளையும் பதிலுக்குத் தட்டி முனகலாகப் பாடியதைச் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டான். இப்போது அதே டபராவைக் கொண்டுவந்து ஸ்பூனால் தட்டினான். பதில் வருமுன் மறுபடியும் தட்டினான். "டேய், அப்பா தட்டறேன் பாரு." இன்னும் பலமாகத் தட்டினான். கௌசிக் காதுகளைப் பொத்திக்கொண்டு அவள் புடவையில் முகத்தைப் புதைத்தான். யாரோ செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

"நீ தட்டு வசு. உனக்குன்னா செய்வான்." ரகுராம் ஸ்பூனை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. முந்தானைக்கு அடியில், அவள் இடுப்பில், ஒரு சின்ன விரல் இரண்டு முறை தட்டியது. யாருக்கும் தெரியாமல் அவன் முதுகில் இரண்டு முறை தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

"என்ன வசு, எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க."

"அவனுக்குப் பாட வராதுன்னு சொல்லிடுங்க," என்றாள்.