மவுஸ் மட்டும் உழைத்தது

"ஆள் மேஜையில கவுந்து தூங்குது. மவுஸ் மட்டும் விடாம உழைக்குது. இது என்ன மாயம்?"

மேனேஜர் ஒரு திரையில் கேமராப் படத்தையும், இன்னொன்றில் மவுஸ் அசைவையும் காட்டினார். படத்தில் இருந்தது பில்லிங் அக்கா.

எதிரே நின்றவனுக்கு அந்த ஆபீஸ் வைத்த பெயர் 'சிஸ்டம்'. பிரிண்டர் மக்கர் செய்தாலும், பாஸ்வேர்டு மறந்தாலும், "சிஸ்டத்தைக் கூப்பிடு" என்பார்கள். யார் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்று வேவு பார்க்கும் சாஃப்ட்வேரை எல்லா மெஷினிலும் ஏற்றியவனும் அவன்தான்.

சிஸ்டம் திரையைப் பார்த்தான். விநாடி முள் துடிக்கிற மாதிரி ஒரே சீரான அசைவு.

அந்த வித்தை அவன் சொல்லிக் கொடுத்தது.

இணையத்தில் அவனுக்கு ஒரு குழு உண்டு. புது கேமில் எந்தக் கோட்டையை எப்படிப் பிடிப்பது, எந்தக் கம்பெனி அடுத்து ஆள் குறைக்கப் போகிறது, ஆபீஸ் மெஷின் ஏன் ஆமையாய் நகர்கிறது என்று வாய்க்கு வந்ததைப் பேசுகிற இடம். யார் முகமும் யாருக்கும் தெரியாது. ஆபீஸில் சுவரோரமாக நடக்கிறவன், அங்கே 'பூதம்'. பூதம் வாயைத் திறந்தால் குழுவே கைதட்டும்.

போன மாதம் அங்கே 'அரைத்தூக்கம்' என்ற பெயரில் யாரோ கேட்டிருந்தார்கள்.

'மத்தியானம் மாத்திரை போட்டா கண்ணை இருட்டிக்கிட்டு வருது. கொஞ்ச நேரம் தலை சாய்ச்சா சரியாயிடும். வியாதின்னு தெரிஞ்சா ஆபீஸ்ல சீட்டைக் கிழிச்சிடுவாங்க. மவுஸ் அசையலேன்னா காட்டிக் கொடுக்கிற சாஃப்ட்வேர் வேற போட்டிருக்காங்க. ஏதாவது வழி இருக்கா?'

பூதம் பொங்கி எழுந்து பதில் எழுதியது.

'முள் ஓடுற வாட்ச் மேல மவுஸை வையுங்க. அது பாட்டுக்கு அசையும். நாம மனுஷங்க, செக்குமாடு இல்ல. எவன் கேக்கறான்னு பாத்துடலாம்!'

பதிலுக்குக் கீழே இதயங்கள் குவிந்தன.

அந்த 'எவன்' இப்போது சுழல்நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, மெஷின் கோளாறா? இல்ல, திருட்டுத்தனமா?"

கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஏன் கேக்கறேன்னா, இது அந்தம்மா மூளையில உதிச்சிருக்காது. நம்ம ஆபீஸ்லயே எவனோ சொல்லிக் கொடுத்திருக்கான். அவனைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்பணும்."

வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். நாக்கு புரண்டது.

"திருட்டுத்தனம்தான் சார். வாட்ச் மேல மவுஸை வெச்சிருக்காங்க. இன்டர்நெட்ல எவனாவது வெட்டிப்பய எழுதியிருப்பான்."

"கூப்பிடு அந்தம்மாவை."

பில்லிங் அக்கா வந்து நின்றாள். போன வருஷம் தைத்த சட்டை இப்போது தோளில் தொங்கியது. திரையைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை.

"உங்க வயசுக்காக ஒரு வழி விடறேன்," என்றார் மேனேஜர். "சொல்லிக் கொடுத்தது யாருன்னு சொல்லுங்க. அவன் போகட்டும், நீங்க இருங்க."

சிஸ்டம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முகம் தெரியாத யாரோ, சார். எனக்குத் தெரியாது."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்?"

"தெரியாததை எப்படி சார் சொல்றது?"

"அப்ப இன்னியோட கிளம்பலாம். சிஸ்டம், அவங்க கணக்கை மூடு."

அவள் மேஜைக்குப் போய் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவள் பெயரை ஒவ்வொரு இடமாக நீக்கினான். பக்கத்தில் இருந்தவர்கள் திடீரென்று மும்முரமாக வேலை செய்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. அக்கா தண்ணீர் பாட்டிலையும் சால்வையையும் பைக்குள் திணித்தாள். சால்வை நழுவிக் கீழே விழுந்தது. அவன் எடுத்துக் கொடுத்தான்.

லிஃப்ட் வரை கூடவே போனான். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"மாத்திரை விஷயத்தை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே, அக்கா. கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மாத்திரையைப் பற்றி அவள் ஆபீஸில் ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை. சொன்னது அந்தக் குழுவில் மட்டும்தான்.

அவள் திடுக்கிடவில்லை.

"சொன்னா இரக்கம் வராது, தம்பி. என்னை அனுப்ப நாள் குறிப்பாங்க. அடுத்த வைத்தியத்துக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடுங்க. உங்க வீட்டுல எப்படி இருக்காங்க? இந்த மாசம்தானே?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

லிஃப்ட் வந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்ற அக்கா, மூடப்போன கதவைக் கையால் தடுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"பூதம்ங்கிற பேர்ல இனிமே ஆபீஸ்ல உக்காந்து எழுதாதீங்க, தம்பி. என் பிரிண்டரைச் சரி பண்ண வந்த அன்னிக்கு உங்க போன்ல நான் பார்த்த மாதிரி, வேற யாராவது பார்த்துடப் போறாங்க."