தெற்குத் தியேட்டரில் லானி

டல்சா நகரத்தின் வடக்குப் பேட்டைக் கும்பலுக்கு லானிதான் தலைவன். அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. பார்த்தால் தலைமை போச்சு!

ஆனால் அந்தப் பாழாய்ப்போன படம் வந்துவிட்டதே! ஏழைப் பையன்களும் பணக்காரப் பையன்களும் மோதிக்கொள்ளும் கதை. வெள்ளிக்கிழமை தங்கள் பேட்டைத் தியேட்டரில் கும்பலோடு பார்க்கப் போனவன், கதாநாயகன் அம்மாவுக்கு ஃபோன் செய்யும் காட்சியில் கண்ணில் நீர் முட்ட, பாத்ரூம் போவதாகச் சொல்லி ஓடிவந்துவிட்டான்.

முடிவு தெரிந்தாக வேண்டுமே! கும்பலின் அடையாளமான தலையெண்ணெயைக் கழுவி, பணக்காரப் பையன்கள் போடும் வெள்ளை ஸ்வெட்டர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, ஞாயிறு மேட்னிக்குத் தெற்குப் பக்கத்துப் பணக்காரத் தியேட்டரில் நுழைந்தான். இருட்டில் ஒரு சீட்டைப் பிடித்தான். இங்கே தெரிந்த முகம் ஏது?

கண்ணீர் கொட்டியது. பக்கத்து ஸ்வெட்டர்க்காரனும் மூக்கை உறிஞ்சினான்.

"என்னடா பணக்காரா, உனக்குமா அழுகை?" லானி கிசுகிசுத்தான்.

"மூடிட்டுப் படத்தப் பாருடா, சீமான் வீட்டுப் புள்ள!"

விளக்கு எரிந்தது. பக்கத்தில் அவனுடைய வலதுகை டாரெல்! பின்வரிசை முழுக்க அவன் கும்பல், இரவல் ஸ்வெட்டர்களில், சிவந்த கண்களோடு.

"டேய்... நாம எல்லாரும் இங்க இருந்தா, அப்ப நம்ம தியேட்டர்ல படம் பாக்குறது யாருடா?"

"நேத்து ஹவுஸ்ஃபுல் தல! அங்க டிக்கெட் கிழிக்கிற எங்கக்கா சொன்னா. தெக்குப் பசங்க மொத்தப் பேரும் தலை நிறைய எண்ணெயத் தடவிக்கிட்டு வந்து, கதறிட்டுப் போனானுங்களாம்!"