கடைசி பெஞ்சில் கீபோர்டுக்காரன்

"பாஸ்டர் போன் பண்ணாரு டோரதி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிட்டு, முடிவு சொல்றாராம்!"

சுதீர் தன் பட்டன் போனை மேஜை மேல் வைத்தான். கை சும்மா இருக்குமா? மேஜை விளிம்பிலேயே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை வாசிக்க ஆரம்பித்துவிட்டது.

டோரதி அந்த விரல்களையே பார்த்தாள். "ஏங்க, அவரு கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

"நல்லா இருக்கோம்னு சொல்வேன். வேறென்ன?"

"அவ்ளோதானா?"

"அவ்ளோ போதும். நீ வாயத் திறக்காத. என் செல்லம்ல?"

பெங்களூரு ஈஜிபுராவின் அந்தச் சின்னச் சபையில் சுதீரின் கீபோர்டு என்றால் எல்லாருக்கும் உயிர். போன வருஷம் வரைக்கும்தான். அப்புறம் வீட்டுக்குள் அந்த விஷயம் வெடித்தது. போனில் படம் பார்ப்பதில் தொடங்கி, முகம் தெரியாதவர்களோடு சாட்டிங், கடைசியில் ஓட்டல் ரூம் வரைக்கும் போய்விட்ட காமப் பழக்கம். விட நினைத்தாலும் விடாத வியாதி.

சுதீர்தான் பாஸ்டர் வீட்டுக்கு ஓடினான். "எங்க கல்யாணத்தக் காப்பாத்துங்க பாஸ்டர்!" என்றான். பாதி சொல்வதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மீதியைப் பாஸ்டரே புரிந்துகொண்டு, அவன் தலையில் கை வைத்து வெகுநேரம் ஜெபித்தார். பூரண குணம் தெரிகிற வரைக்கும் கீபோர்டைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். சபை ஒழுங்கு அப்படி. சரி என்று தலையாட்டியவன்தான், அன்றிலிருந்து கடைசி பெஞ்சு.

வீட்டில் வைஃபையை வெட்டினார்கள். இரண்டு ஸ்மார்ட்போனையும் விற்றார்கள். "ஸ்கேன் மாடி சார், சில்லறே இல்லா!" என்று, ஸ்கேன் பண்ணச் சொல்லிக் காய்கறி வண்டிக்காரர் கன்னடத்தில் தினமும் தலையில் அடித்துக்கொள்கிறார். சனிக்கிழமையானால் இருவரும் பஸ் ஏறி கவுன்சிலரிடம் போவார்கள். படுக்கும் முன், "இன்னிக்கு எப்படி?" என்று ஒரு கேள்வி. பதில் உண்மையாக இருக்க வேண்டும். வழுக்கிய நாளும் உண்டு. அன்றைக்கு அழுகை, ஜெபம். மறுநாள் சுதீர் போடும் கேவலமான காபியோடு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பம். அந்தக் காபிக்குப் பயந்தே திருந்திவிடலாம் என்று டோரதி கிண்டலடிப்பாள்.

சாயங்காலம் பாஸ்டர் வந்தார். கூடவே அவர் மனைவி சோஃபியா, கையில் ஹனி கேக்கோடு.

வந்ததும் வராததுமாக டோரதியைக் கட்டிக்கொண்டார் சோஃபியா. "உன்ன மாதிரி பொறுமைசாலி யாரும்மா இருக்கா? வேற ஒருத்தியா இருந்தா அன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பா. புருஷனுக்காக நீயும் பட்டன் போன் வெச்சிட்டு அல்லாடுறியே!"

"அக்கா, அது வந்து..." என்று டோரதி ஆரம்பித்தாள்.

"கேக்கு சூப்பரா இருக்கே, எந்த பேக்கரிக்கா?" என்றான் சுதீர் அவசரமாக. கேக் டப்பா இன்னும் பிரிக்கப்படவே இல்லை.

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். நல்ல மனுஷன்தான், பாவம், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தவித்தார்.

"பிரதர், உங்க முகத்துல தெளிவு தெரியுது. ஆனா கமிட்டியில ரெண்டு பேரு யோசிக்கிறாங்க. பொம்பளப் புள்ளைங்க நின்னு பாடுற எடம், பாருங்க... இந்தக் கிறிஸ்துமஸ் போகட்டும். ஈஸ்டருக்குப் பாப்போம்."

சுதீரின் விரல்கள் அப்படியே நின்றன. கண்ணில் நீர் கோத்துக்கொண்டதை மறைக்கக் குனிந்தான்.

"சரிங்க பாஸ்டர்."

"மனசு விட்றாதீங்க. வாங்க, ஜெபம் பண்ணலாம்."

எல்லாரும் முழங்கால் போட்டார்கள். பாஸ்டரின் கனத்த கை வழக்கம்போல் சுதீரின் தலையில் இறங்கியது.

"ஆண்டவரே, இந்தப் பாவக் கட்டுலருந்து உம்முடைய பிள்ளைய முழுசா விடுதலையாக்கும்!"

"ஆமென்" என்றான் சுதீர், நல்ல பிள்ளையாக.

பக்கத்திலிருந்து ஆமென் வரவில்லை. பதறிப்போய்க் கண்ணைத் திறந்தான். "வேணாம் டோரதி..." என்று அவன் முணுமுணுப்பதற்குள், அவள் பாஸ்டரின் கையை அவன் தலையிலிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இங்க வைங்க பாஸ்டர். அந்தப் பழக்கம் எனக்குத்தான். அவருக்கு அவரோட கீபோர்டைக் குடுத்துடுங்க."