டுவைன் பேரில் வந்த பார்சல்

பார்சல் டுவைன் பேருக்குத்தான் வந்திருந்தது. லோர்னா பேரைக் கவனிக்காமல் பிரித்துவிட்டாள்.

உள்ளே இருந்தது ஷேப்வேர். கவுனுக்கு அடியில் பெண்கள் போட்டுக்கொள்வார்களே, வயிற்றையும் இடுப்பையும் இறுக்கி உள்ளே தள்ளுகிற உள்ளாடை, அதுதான். சுருட்டினால் கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். விரிந்துகொண்டே போனது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற துணியில் இத்தனை ஜாலமா என்று வாய் பிளந்தவள், ஓரத்தில் தைத்திருந்த சீட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று எக்ஸ்எல்.

அவள் தங்கை, டுவைனின் மனைவி மார்லிஸ் சின்ன உடம்புக்காரி. மீடியம் தாராளம்.

"என்னக்கா பார்சல்?" என்று ஹாலிலிருந்து மார்லிஸ் கேட்டாள். பக்கவாதம் வந்து எழுந்ததிலிருந்து அவள் பேச்சு கொஞ்சம் இழுக்கும்.

"ஒண்ணுமில்ல. டுவைன் ஏதோ சாமான் வாங்கியிருக்கார்."

ஆம்பிளைக்கு அளவு என்ன தெரியும், பெண்டாட்டிக்கு ஆசையாக வாங்கி அளவைத் தப்பாகப் போட்டிருப்பார் என்று லோர்னா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் மரக்கடை வேலை முடிந்து வந்த டுவைன், அவள் மறுபடி ஒட்டி வைத்திருந்த பார்சலைப் பார்த்துக் காதெல்லாம் சிவந்து, அதை நேரே கராஜுக்கு எடுத்துக்கொண்டு போனார். மார்லிஸிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் துணி துவைக்கப் போனபோது, அழுக்குக் கூடையின் அடியில் இன்னொன்று கிடந்தது. வேறு மாதிரி. அதே பெரிய அளவு. யாரோ போட்டுக் கழற்றியது.

தங்கைக்கு உதவியாக இருக்கலாம் என்று ஃபார்கோ ஊரிலிருந்து காரோட்டி வந்தவள் லோர்னா. பெண்டாட்டி கைத்தடி பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருக்கிற வீட்டில், வேறொருத்தி கழற்றிப் போட்ட உள்ளாடை.

சனிக்கிழமை மத்தியானம் கராஜுக்குப் போனாள். டுவைன் நின்றபடியே ஒரு நாற்காலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு அவ?"

"எவ?"

"மூணு எக்ஸ்எல் போடறவ."

டுவைன் பிரஷைக் கீழே வைத்தார். கதவருகே போய், உள்ளே டி.வி. சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"மார்லிஸ்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. இப்ப போய்ச் சொல்லப்போறேன்."

"வேணாம் லோர்னா. தெரிஞ்சா அவ எரிக் கல்யாணத்துக்கே வர மாட்டா."

"பிள்ளை கல்யாணத்த வெச்சுக்கிட்டு இந்த வேலை செய்றப்ப அது தெரியலையா உனக்கு?"

டுவைன் ஜீன்ஸுக்குள் செருகியிருந்த சட்டையை வெளியே இழுத்தார். லோர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

சட்டைக்குள்ளே, மார்புக்குக் கீழிருந்து இடுப்புவரை, சந்தன நிறத்தில் அந்த ஷேப்வேர். அத்தனை பெரிய தொப்பையும் அதற்குள் போன இடம் தெரியவில்லை.

"சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எத்தனை நாளா இது?"

"இது மூணாவது. மொதல்ல வந்தது, மேல் விளிம்பு சுருண்டு சுருண்டு இறங்கிக் கயிறு மாதிரி அறுத்துடுச்சு. அடுத்ததுல தையல் மோசம். இங்க பாரு."

விளிம்பைக் கீழே தள்ளிக் காட்டினார். விலாவில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். ஓரிடத்தில் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

"அதைப் போட்டுக்கிட்டு மரம் தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டில ஏறி இறங்கறதுக்குள்ள உசிரு போயிடுச்சு. இது தேவலை. காலையிலேர்ந்து போட்டிருக்கேன், குனிஞ்சு நிமிந்து பாத்துட்டேன், எங்கயும் கடிக்கல."

முப்பது வருஷத்துக்கு மேலாக லோர்னாவுக்குத் தெரிந்த மனிதர். தனக்கு ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கக்கூட மார்லிஸைக் கடைக்கு அனுப்புகிறவர். அவர் இன்று பெண்கள் உள்ளாடையின் விளிம்பையும் தையலையும் பற்றி, கூடப் பிறந்தவளிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்.

"இதையே மீடியத்துல ஒண்ணு வாங்கிடலாம்னு பாக்கறேன். நீ என்ன சொல்ற?"

"மீடியமா? யாருக்கு?"

"மார்லிஸுக்குத்தான். எரிக் கல்யாணத்துக்கு அந்த நீல கவுனைப் போட்டுக்கணும்னு அவளுக்கு ஆசை. வயிறு ஒரு பக்கமா சரிஞ்சுட்டது அசிங்கமா தெரியும்னு, எடுத்து எடுத்துப் பாத்துட்டு மடிச்சு வெச்சுடறா."

"அப்போ அவளுக்கே நேரா ஒண்ணு வாங்கிக் குடுக்கறதுதானே? நீ ஏன் இதை மாட்டிக்கிட்டு அவஸ்தைப்படணும்?"

டுவைன் சட்டையை மறுபடி செருகிக்கொண்டார். குனிந்து பிரஷை எடுத்தார்.

"அவளுக்கு இடது பக்கம் உணர்ச்சி திரும்பவே இல்லையே, லோர்னா. அறுத்து ரத்தம் வந்தாலும் அவளுக்குத் தெரியாது. அதான், எங்க கடிக்குதுன்னு அவளுக்கு முன்னாடி நான் பாத்துக்கறேன்."